வார்டுக்குள் போன் வரலாமா?

குறைமாசக் குழந்தைகள் வார்டு நர்சுக்கு ஊசி போடுறது பெரிய காரியமே இல்லை, வர்றவங்க கையிலருந்து போனை வாங்குறதுக்குள்ளதான் தாவு தீர்ந்துரும். மதுரையில எந்த ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு இந்த வேலை பார்த்தவங்களா இருந்தாலும், என்கூடச் சேர்ந்து ஒரு பெருமூச்சு விட்டுக்கங்க.

டாக்டர் போனில் குடித்தனம்

எங்க டாக்டர் முழங்கை வரைக்கும் தேய்ச்சுக் கழுவுவாரு. கழுவி முடிச்சதும் போன் அடிக்கும். எடுத்துப் பேசிட்டு, அதே கையோட குழந்தைகிட்டப் போவாரு. “சார், கை”ங்கிறது நான் தினமும் பாடுற பாட்டு. ஒருநாள் லேப்காரங்க எங்க எல்லார் போனையும் பஞ்சால துடைச்சு, கிருமி வளர்க்கிற தட்டுல தடவி வச்சாங்க. பிறகு எடுத்துப் பார்த்தா, டாக்டர் போனைத் தடவின தட்டு முழுக்கக் கிருமி புள்ளி புள்ளியாப் பூத்துக் கிடக்கு. மனுசன் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுச் சொன்னாரு: “இவங்களுக்கெல்லாம் ஒரு ரேஷன் கார்டு எடுத்துரலாம் போலயே சிஸ்டர்.”

முருகேசனின் சுத்தம்

அலங்காநல்லூர்ப் பக்கம் டிராக்டர் ஓட்டுறவரு முருகேசன். பொண்ணு குறைமாசத்துல பிறந்துருச்சு. சம்சாரம் செல்வி, ஆபரேஷன் ஆகிக் காய்ச்சலோட வாடிப்பட்டி ஆஸ்பத்திரியில படுத்திருக்கு. பிள்ளையை மட்டும் எங்ககிட்டக் கொண்டாந்துட்டாங்க. பெத்தவ இன்னும் பிள்ளை முகத்தையே பார்க்கலை. அன்னிக்குப் பிள்ளைக்கு மூச்சுத் திணறல் வேற. தாங்குமான்னு எங்களுக்கே பயம். “ஒரே ஒரு தடவை போன்ல காட்டிக்கிறேன்”னு முருகேசன் கெஞ்சினாரு. டாக்டரும் சரின்னுட்டாரு.

“அண்ணே, கையையும் போனையும் நல்லாச் சுத்தம் பண்ணணும்”னு சொல்லிட்டு, ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தா, சுவத்துல ஒட்டியிருக்கிற கைகழுவுற படத்தைப் பார்த்துப் பார்த்து, போனுக்குச் சோப்புப் போட்டுக் குழாயில புரட்டிப் புரட்டி அலசிக்கிட்டிருக்காரு. போன் செத்துப்போச்சு. எனக்கு வந்த கோபம், அவர் மூஞ்சியைப் பார்த்ததும் எங்க போச்சுன்னே தெரியலை. “படத்துல போட்டிருந்தபடிதான் செஞ்சேன் சிஸ்டர், ஒண்ணுகூட விடலை.”

வாடிப்பட்டியிலிருந்து ஒரு கேள்வி

என் போனை ஸ்பிரிட்டால துடைச்சு, புது பிளாஸ்டிக் உறையில போட்டு, நானே பிள்ளைகிட்டக் கொண்டுபோனேன். நல்லவேளை, சம்சாரம் நம்பர் முருகேசனுக்கு மனப்பாடம். வீடியோவுல செல்வி வந்துச்சு. குழாயும் ஒயருமாக் கிடக்கிற பிள்ளையைப் பார்த்ததும் அழுதுரும்னு நினைச்சேன். அழலை. போனைப் பக்கத்துல இருந்தவங்க கையில கொடுத்துட்டு, மெல்ல எந்திரிச்சு எங்கேயோ போயிட்டு வந்துச்சு. எங்க வார்டு சட்டத்தையெல்லாம் முருகேசன் முன்னாடியே சொல்லி வச்சிருப்பாரு போல. செல்வி ஈரம் சொட்டுற ரெண்டு கையையும் தூக்கிக் காட்டிட்டு, திரையில பிள்ளை கன்னத்துகிட்ட விரலைக் கொண்டாந்து நிறுத்துச்சு. “முழங்கை வரைக்கும் கழுவிட்டேன் சிஸ்டர், இப்பத் தொடலாம்ல?”

அந்தப் பிள்ளை இப்ப பால்வாடிக்குப் போகுது. அன்னிக்கு நனைஞ்சது என் மாஸ்க், நனைஞ்சா உடனே மாத்தணும்ங்கிறது வார்டு சட்டம், மாத்தினேன்.