ஃபிரிட்ஜுக்குள் ஒரு குளிர்காலம்

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில் ஒரே ஒரு தொட்டி, அதில் ஒரு கறிவேப்பிலைச் செடி. அதற்கு முதலாளி என் கணவர். காலையில் கார் வொர்க்‌ஷாப்புக்குக் கிளம்புமுன் ஒவ்வோர் இலையாகப் புரட்டிப் பார்ப்பார். பச்சைப் புழு தென்பட்டால் கீழே தட்டி, செருப்பால் ஒரே நசுக்கு. பெண் பார்க்க வந்தபோது என்னைக்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டார்.

அவர் கண்ணில் படாமல் தப்பிய ஒரு புழு, போன நவம்பரில் தண்டில் ஒட்டிக் கூட்டுப்புழுவாகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு வருடம் கழித்து அக்கா கனடாவிலிருந்து வரப்போகிறாள். சின்ன வயதில் நாங்கள் இருவரும் இப்படி ஒரு கூட்டின் முன் மணிக்கணக்கில் காத்துக் கிடப்போம். சரியாக அது பிளக்கிற நேரம் பார்த்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார். பட்டாம்பூச்சி வெளியே வருவதை நாங்கள் ஒருமுறைகூட முழுதாகப் பார்த்ததில்லை. இந்த முறை அவளுக்குக் காட்டியே தீருவது என்று முடிவு கட்டினேன். ஆனால் பூச்சி பத்து நாளில் வெளியே வந்துவிடும். அக்கா வர ஒரு மாதம் இருந்தது.

வழியை அக்காவே காட்டினாள், தெரியாமல்தான். வீடியோ காலில் பனி மூடிய தோட்டத்தைக் காட்டி, "இங்க பூச்சியெல்லாம் செத்துப்போகலடி. எலைக்கு அடியில, மரப்பட்டைக்குள்ள தூங்குது. சில கூட்டுப்புழு குளிர் முழுக்க அப்படியே இருந்துட்டு, வெயில் வந்ததும் பட்டாம்பூச்சியா வரும். ஒடம்புல கார் கூலன்ட் மாதிரி ஒண்ணு ஊறுமாம், அதான் உறையாது" என்றாள்.

குளிர்தானே வேண்டும்? என் சமையலறையில் இரண்டு கதவு வைத்த குளிர்காலமே நிற்கிறதே. தண்டை வெட்டி, ஒரு டப்பாவில் பஞ்சு விரித்து, சம்பால் பாட்டிலுக்கும் தேங்காய்ப்பாலுக்கும் நடுவில் பத்திரமாக வைத்தேன்.

மூன்றாம் நாள் கணவர் மிச்சக் கறியைத் தேடி அந்த டப்பாவைத் திறந்துவிட்டார்.

"என்ன இது?"

"அக்காவுக்கு. குளிர்ல தூங்குது."

அவர் சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். "அந்த ஊரு பூச்சிக்குக் கூலன்ட் இருக்கு. இது பினாங்குப் பூச்சி. நம்ம ஆளுங்க எத்தன பேரு கெரேத்தாவுக்குப் பச்சத் தண்ணி ஊத்தி ஓட்டுறாங்க, அந்தக் காரக் கொண்டுபோய்ப் பனியில நிறுத்துனா என்ன ஆவும்? இன்ஜினே பிளந்துடும்லா."

"பழகிடும். எல்லாம் பழகிடும். புழுவ நசுக்குறவருக்கு எதுக்கு இந்தக் கரிசனம்?"

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேனே தவிர, அவர் போனதும் தண்டை எடுத்துச் செடியில் நூலால் கட்டினேன். பத்து நாள் பார்த்தேன், பதினைந்து நாள் பார்த்தேன். பச்சையாக இருந்தது கறுத்துச் சுருங்கி, தொட்டதும் உதிர்ந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரு பூச்சிக்காக இப்படி அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் கணவர் பசாரிலிருந்து ஒரு கட்டுக் கறிவேப்பிலை வாங்கி வந்தார். வீட்டில் செடியை வைத்துக்கொண்டு இது என்ன கூத்து என்று கேட்டேன். வாசலுக்குப் போய்ப் பார்த்தால், இத்தனை நாள் கூட்டை மட்டுமே பார்த்திருந்த என் கண்ணில் அன்றுதான் பட்டது, செடி முக்கால் மொட்டை. ஆறு கொழுத்த புழுக்கள் ஜாலியாக மேய்ந்துகொண்டிருந்தன. அவர் எதுவும் தெரியாதவர்போலச் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

அக்கா வந்த மூன்றாம் நாள் காலை, அந்தப் புழுக்களின் கூடுகளில் ஒன்று பிளந்தது. சாப்பிடக் கூப்பிட அம்மா இல்லை. கசங்கிய கறுப்புச் சிறகு மெல்ல விரிந்து உலரும்வரை நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். தேத்தண்ணி ஆறிப்போனது. அது பறந்து கீழ்மாடிப் பக்கம் போனபின்தான் அக்கா மூச்சுவிட்டாள்.

மத்தியானம் சாப்பிடும்போது கணவர் என்னைப் போட்டுக்கொடுத்தார். டப்பா, பஞ்சு, 'பழகிடும்' என்று நான் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மொத வருஷம் குளிர் தாங்கலடின்னு போன்ல அழுதேனே, அப்ப எங்கிட்டயும் 'பழகிடும்'னுதானடி சொன்ன" என்றாள்.

அவள் தட்டில் இன்னும் ஒரு கரண்டி மீன்குழம்பை ஊற்றினேன்.

"சூடா இருக்கு, சாப்புடுக்கா" என்றேன்.