கையில் வைத்த ஸ்டென்ட்

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது இடது கை கடுக்கத் தொடங்கியது. கீரை என் கணவருக்கு. டயாலிசிஸ் செய்துகொள்ளும் எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வலி தோள்வரை ஏறியதும் அவரைக் கூப்பிட்டேன்.

அந்தக் கையில்தான் எனக்கு ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகத் தமனியைச் சிரையோடு இணைத்த இடம்) இருக்கிறது. வலது கையில் வைத்தது முன்பே அடைத்துப்போனது. இதுவும் போனால் கழுத்தில் குழாய்தான். இதிலும் சிரை சுருங்கியதால், சில மாதங்களுக்கு முன் திருச்சியில் தோளுக்குக் கீழே ஸ்டென்ட் (சுருங்கிய ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்கும் சிறு கம்பிவலை) வைத்தார்கள்.

எங்கள் அன்னவாசலில் ஸ்டென்ட் என்றால் நெஞ்சுதான். கையில் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "நெஞ்சு இப்ப எப்படி இருக்கு?" என்றே கேட்டார்கள். கேட்டுக் கேட்டு நாங்களே நம்பிவிட்டோம் போல. அன்று பக்கத்து கிளினிக்கில் என் கணவர் பதறிப்போய், "ஸ்டென்ட் வச்சவங்க டாக்டர், எடது கை வலிக்குதாம்" என்றார். நானும் தலையாட்டினேன். உடனே ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள்.

"நெஞ்சு நல்லா இருக்குங்க. பயப்படாம போங்க."

எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வழியில் அவர் டீ குடித்தார். தண்ணீரையே அளந்து குடிக்கும் எனக்கும் இரண்டு மடக்கு கிடைத்தது.

மறுநாள் டயாலிசிஸ். ஊசியோடு வந்த நர்ஸ் என் கையைத் தொட்டதும் ஊசியைத் திரும்ப வைத்துவிட்டார்.

"இரைச்சல் எங்கம்மா?"

ஃபிஸ்டுலாவின் மேல் விரல் வைத்தால் ரத்தம் இரைந்து ஓடும் அதிர்வு தெரிய வேண்டும். தையல் மெஷின் மோட்டார் போல எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தது நின்றிருந்தது. முதல் நாள் நெஞ்சைப் பார்த்தது தப்பில்லை. ஆனால் நாங்கள் ஒருவருமே கையைத் தொட்டுப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

திருச்சிக்கு ஓடினோம். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. "இன்னும் தள்ளிப் போட்டிருந்தா இந்தக் கையை மறந்துட வேண்டியதுதாங்க" என்றார் டாக்டர். ஊசித்துளை வழியாகவே உறைந்ததை எடுத்து, பலூனால் உள்ளே விரித்தார். முடிந்ததும் என் கணவரைக் கூப்பிட்டுக் கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

"ஓடுதுடி" என்றார். அத்தனை பேர் முன்னாலும் அழுதார்.

உங்களுக்கும் என்னைப்போல் ஃபிஸ்டுலா கையில் ஸ்டென்ட் வைத்திருந்தால், எந்த டாக்டரிடம் போனாலும் 'கையில்' என்பதை முதலில் சொல்லுங்கள். தினமும் தொட்டுப் பாருங்கள். ஸ்டென்ட் மறுபடியும் அடைக்கலாம். எனக்கும் அடைக்கலாம்.

இப்போது என் வாரத்தில் கிழமைகள் இல்லை. டயாலிசிஸ் நாள், மறுநாள், அவ்வளவுதான். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. விடிந்ததும் நானே தொட்டுப் பார்த்துவிடுவேன். ஓடும். பிறகு தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன், அவர் வந்து தொட்டுப் பார்க்கட்டும் என்று.