லாரி ஆபீஸில் நடந்த வகுப்பு

என் லாரி ஆபீஸ் சுவரில் ஆணுறைப் பெட்டி ஒன்று பகிரங்கமாகத் தொங்குகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆலோசகர் அம்மா ஒருவர் அவ்வப்போது வந்து, டிரைவர்களை பெஞ்சில் உட்காரவைத்து, எச்.ஐ.வி. எப்படிப் பரவும், எப்படித் தடுப்பது என்று உடைத்துப் பேசுவார். நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் எங்களுக்கு இதில் வெட்கமே கிடையாது. டீயும் போண்டாவும் நாங்களே வாங்கித் தருவோம்.

அதே அம்மாவை பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் பேச அழைக்கலாமா என்று பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டுக் கேட்டார்கள். அங்கேதான் வெட்கம் வந்தது.

"டிரைவருக்கு வேணுமுங்க. நம்ம புள்ளைகளுக்கு எதுக்குங்க அந்தக் கருமம்?" என்றார் பக்கத்து ஆபீஸ்காரர். அவர் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு.

யாராவது முறைத்துக்கொண்டால் நடுவில் புகுந்து சிரிக்கவைப்பது என் வியாதி. "கை கழுவறதப் பத்திப் பேசச் சொல்லுங்க. ஆருக்கும் சேதாரமில்ல" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். தலையெழுத்து, அதையே தீர்மானமாக்கிவிட்டார்கள்.

வகுப்பு முடிந்து வந்த மகள் பையை வீசிவிட்டு என் முன்னால் நின்றாள்.

"கை கழுவச் சொல்லிக் குடுத்தாங்கப்பா. பிளஸ் ஒன்ல."

"அப்ப இனிமே பாத்திரமும் நீயே கழுவிரு சாமி."

அவள் சிரிக்கவில்லை. பக்கத்து ஆபீஸ்காரரின் மகளை வேலைக்குப் போகிற ஆள் ஒருவன் போனிலேயே வளைத்துவிட்டானாம். ஏற்காட்டுக்குத் தனியாகக் கூப்பிடுகிறானாம்.

"ஜிம்முக்குப் போற ஆளு, நோயெல்லாம் இருக்காதுங்கறா. நான் சொன்னா நம்பறதில்ல. அந்தம்மா சொன்னா கேப்பா. அவங்க வாயத்தான் நீங்க கட்டிப்புட்டீங்களே."

"அவங்கப்பாகிட்டயே பேசறேன்."

"பேசுங்க. நாளைக்கே ஸ்கூல நிறுத்திட்டு மாப்பிள்ளை பாப்பாரு."

ஆலோசகர் அம்மாவுக்குப் போன் போட்டேன். "இதப்பத்திப் பேசறதுக்கு ஊர்ல எம்பட ஆபீஸ்தான் இருக்குதுங்க. ஞாயித்துக்கிழமை வாங்க."

என் மனைவி தெரிந்த அம்மாக்களிடம் சொல்லி, மகள்களோடு வரவைத்தாள். பக்கத்து ஆபீஸ்காரரின் மனைவியும் மகளும் வந்தார்கள். என் ஆபீஸ், என் நாற்காலி என்று உட்காரப் போனேன். "நீங்க வெளிய இருங்கப்பா" என்று மகள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டாள்.

சிறிது நேரத்தில் பக்கத்து ஆபீஸ்காரர் வந்து நின்றார்.

"ஏனுங்க, எங்கூட்டுக்காரியும் புள்ளையும் இங்கயா இருக்கறாங்க?"

"ஆமாங்க. அந்தம்மா பேசறாங்க."

முகம் கறுத்து ஷட்டரில் கைவைத்தார். உள்ளே ஒரு மெல்லிய குரல் கேட்டது. "மேடம், பாக்க நல்லா இருக்கறவங்களுக்கும் அந்த நோய் இருக்குமா?"

"இருக்கலாம் சாமி. பாத்தெல்லாம் தெரியாது, டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும். அதவிட, பெரிய ஆளு ஒருத்தன் உன் வயசுப் புள்ளையத் தனியா வரச்சொன்னான்னா, அதுவே தப்புதான். உடனே அம்மாகிட்டச் சொல்லணும்."

"எம்பட புள்ள குரலுங்க" என்றார் அவர்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இப்ப உள்ள போனீங்கன்னா, அது இனி ஆருகிட்டயும் எதுவும் கேக்காதுங்க."

உள்ளே அவர் மனைவியின் குரல், அதட்டல் இல்லாமல் கேட்டது. "ஆரு சாமி உன்னக் கூப்புட்டது?"

அவர் ஷட்டரை விட்டார். அவர் மகள் தணிந்த குரலில் பேசத் தொடங்கினாள். ரோட்டில் போன லாரிகளின் சத்தத்தில் எங்கள் இருவருக்கும் ஒன்றுமே கேட்கவில்லை. போகட்டும், கேட்க வேண்டியவர் உள்ளேதான் இருந்தார்.