அடைக்கோழியைத் தண்ணீரில் முக்கிய நாள்

காய்ச்சலிலிருந்து எழுந்த மகளுக்கு எங்கள் ஒரே கோழியின் முட்டைதான் தெம்பு. அது திடீரென்று வெறும் சாக்கில் அடை உட்கார்ந்தது. முட்டை நின்றுபோனது, கை நீட்டினால் கொத்தியது.

"தண்ணியில முக்கி எடுங்கக்கா, தெளிஞ்சிரும்" என்றாள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மாரியாயி. அது வெயில் ஊர் வைத்தியம் என்று எனக்கு உறைக்கவில்லை. எங்கள் வட்டகொடை மலைத்தோட்டத்துப் பனியில், விடியலில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன், பீலியில் கொட்டும் மலைத் தண்ணீரில் மூன்று முறை முக்கினேன்.

பகலில் பறித்த தேயிலைக் கொழுந்தை எடைக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தபோது கோழி ஜில்லிட்டுத் துவண்டு கிடந்தது.

"செத்திருச்சாம்மா?" என்றாள் மகள். கம்பளியில் சுற்றி, அடுப்படியில் மடியில் வைத்து, வேலைக்கும் திரும்பாமல் தேய்த்துக்கொண்டே இருந்தேன். வெகுநேரம் கழித்துக் கண் திறந்து என் கையைக் கொத்தியது. அழுதுவிட்டேன்.

இப்போது அடை உட்கார்ந்தால் தண்ணீர் கிடையாது. அடை தெளியும்வரை வெளிச்சத்தில் கூடை கவிழ்த்து மூடுகிறேன். வேலைவிட்டு வந்ததும் கை நீட்டுகிறேன். கொத்தினால்தான் நிம்மதி.