கறுப்புத்தாளில் ஒரு சிட்டிகை

எங்கள் அருங்காட்சியகத்தில் தூசி அக்கா என்றால் வாசல் காவலாளி முதல் தோட்டக்காரர் வரை எல்லாருக்கும் தெரியும். அவருடைய பதவி என்ன என்று கேட்டால்தான் விழிப்பார்கள். அது அவர்கள் தவறில்லை, அப்படி ஒரு பதவியே கிடையாது. பத்தொன்பது வருடமாக அக்கா தற்காலிக ஊழியர். பதினோரு மாதம் வேலை, ஒரு மாதம் இடைவெளி, மறுபடியும் பதினோரு மாதம். இடைவெளி மாதத்திலும் தவறாமல் வந்து வேலை செய்வார். வருகைப் பதிவேட்டில்தான் பெயர் இருக்காது. சட்டம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதை மதிக்க வேண்டாமா?

அவருடைய ராஜ்யம் கட்டடத்தின் பின்பக்கத்து வைப்பறை. அங்கே எண்ணூற்று நாற்பது பொருட்கள். மெல்லிய தூரிகை ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூசி தட்டிக்கொண்டே வருவார். கடைசிப் பொருளை முடிக்கும்போது முதல் பொருளில் தூசி படிந்திருக்கும். "என்னக்கா, மறுபடியும் முதல்லேருந்தா?" என்று கேட்டால், "நீ நேத்து சாப்பிட்டியே, இன்னைக்கு எதுக்கு சாப்பிடுற?" என்பார். வீட்டிலும் இதே கதைதான். கணவர் தையல்காரர். நூல் துணுக்கு ஒட்டிய சட்டையோடு அந்த மனிதர் கட்டிலில் உட்கார்ந்துவிட முடியாது. வீடு என்பது ஒரே அறை. கட்டிலின் கால்மாட்டில் தையல் இயந்திரம், அதற்கடியில் நர்சிங் படிக்கும் மகளின் புத்தகங்கள்.

நிரந்தர ஊழியராகிவிட்டால் அருங்காட்சியகத்தை ஒட்டிப் பூட்டிக் கிடக்கும் இரண்டு அறைக் குடியிருப்பு கிடைக்கும். அக்கா அதன் ஜன்னலை எப்போதோ அளந்து வைத்துவிட்டார். கணவர் திரைச்சீலைக்குத் துணியும் வெட்டிவிட்டார். பிள்ளை பெறுமுன் பேர் வைக்கிறீர்கள் என்று நான் கேலி செய்திருக்கிறேன். கேலி செய்வது எனக்குச் சுலபம். நான் நுழைவுச்சீட்டு கொடுப்பவன். ஒரு நாளைக்கு முப்பது பேர் வந்தாலே அலைமோதும் கூட்டம் என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் நிரந்தரம்.

இந்த நிலையில்தான் வட்டார அருங்காட்சியகப் பணியாளர் மாநாடு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு அருங்காட்சியகமும் ஒரு பிரதிநிதியையும், கண்காட்சியில் வைக்க ஒரு பொருளையும் அனுப்ப வேண்டும். எங்கள் காப்பாட்சியர், அதாவது எங்களுக்கெல்லாம் மேலதிகாரி, மைத்துனர் கட்டும் வீட்டுக்கு மேற்கூரை போடுவதைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. நாட்டின் பண்பாட்டைவிட மைத்துனரின் கூரை அவசரம். ஆகவே பிரதிநிதி நான். பிரதிநிதி நிரந்தர ஊழியராக இருக்க வேண்டும் என்று விதி. பொருள், இருநூற்றுப் பன்னிரண்டாம் எண். பழைய மருத்துவச்சி ஒருவரின் மரப்பெட்டி, ஐந்து இழுப்பறைகள், பள்ளிப்பை அளவு. அதை மடியில் வைத்துக்கொண்டு வர அக்கா.

கிளம்புமுன் காப்பாட்சியர் அக்காவைக் கூப்பிட்டார். "இந்தப் பயணம் ஒழுங்கா முடிஞ்சா உங்க நிரந்தரக் கோப்பை நான் பரிந்துரை பண்ணி மேல அனுப்பிடுறேன். திரும்பி வரும்போது நிலை அறிக்கையில 'சேதம் இல்லை'ன்னு இருக்கணும். அவ்வளவுதாம்மா."

நிலை அறிக்கை என்பது ஒரு தாள். பொருள் எப்படி வந்தது, எப்படித் திரும்புகிறது என்று கொண்டுவந்தவர் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கூட ஒரு சாட்சிக் கையெழுத்து. அக்கா பஸ்ஸில் மூன்று மணி நேரமும் தூங்கவில்லை. பெட்டியை ஒரு கையால் அணைத்து, ஒவ்வொரு குழிக்கும் டிரைவரைத் திட்டிக்கொண்டு வந்தார்.

மாநாட்டு வாசலில் அட்டை தந்தார்கள். பேச்சாளருக்குச் சிவப்பு, பிரதிநிதிக்கு நீலம், அக்காவுக்கு மஞ்சள். மஞ்சள் என்றால் 'உடன் வந்தவர்'. அதிகாரிகளின் மனைவிமாரும் கார் டிரைவர்களும் அந்த இனம். மஞ்சளுக்கு அரங்கத்தில் நாற்காலி கிடையாது, சாப்பாடு நீலம் முடிந்த பிறகு. எனக்கு ஒரு பை, ஒரு குறிப்பேடு, எழுதாத ஒரு பேனா கொடுத்தார்கள். மாநாட்டின் பொருள் 'நாளைய அருங்காட்சியகம்: சவால்களும் வாய்ப்புகளும்'. போன வருடம் 'வாய்ப்புகளும் சவால்களும்' என்று இருந்ததாகப் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். துறை முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறது.

கண்காட்சிக் கூடத்தில்தான் முதல் சண்டை. எங்கள் பெட்டிக்கு ஒதுக்கிய மேடை, அந்த ஊர் அருங்காட்சியகத்தின் பெருமைக்குரிய செதுக்கு நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. அக்கா தன் பையிலிருந்து கறுப்புத்தாள்களை எடுத்தார். மரத்துக்குள் பூச்சி இருந்தால் அது குடைந்து தள்ளும் பொடி கீழே விழும். மாவு மாதிரி வெளுத்த பொடி. வெறும் தரையில் கண்ணுக்குத் தெரியாது, கறுப்புத்தாள் போட்டால் மறுநாளே காட்டிக்கொடுத்துவிடும். அக்கா எங்கள் பெட்டிக்கு அடியில் ஒன்று விரித்தார். அதோடு நிறுத்தினாரா? நாற்காலிக்கு அடியிலும் ஒன்று விரிக்கக் குனிந்தார்.

அந்த அருங்காட்சியகத்தின் தலைமை அம்மா ஓடி வந்தார். "என்ன பண்றீங்க? எங்க நாற்காலியிலே பூச்சி இருக்குன்னு சொல்றீங்களா?"

"இருக்குன்னு சொல்லலம்மா. இல்லைன்னு தெரிஞ்சுக்கலாமேன்னுதான்."

"நீங்க யாரு?"

அக்கா மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டினார். தலைமை அம்மா என்னைப் பார்த்தார். நான் மேல்கூரையின் வேலைப்பாட்டை ரசித்தேன்.

"எங்க பெட்டி இங்க ரெண்டு நாள் இருக்கணும்னா தாள் போட்டுத்தான் இருக்கும். இல்லைன்னா மடியில வச்சுக்கிட்டு வெளியில உக்காந்துக்கிறேன்" என்றார் அக்கா. கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் அந்த வரிசையிலிருந்த பதினான்கு மரப்பொருட்களுக்கும் அக்கா தாள் விரித்தார். "சரியான சந்தேகப் பேர்வழி" என்று தலைமை அம்மா எல்லாருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தார்.

மதியம் பூச்சி நிபுணரின் உரை. தலைப்பு, 'அருங்காட்சியகப் பூச்சிகள்: ஒரு முழுமையான பார்வை'. ஒரு மணி நேரம் பேசினார். திரையில் பூச்சியை யானை அளவுக்குக் காட்டினார். மருந்தடிப்பதைவிட, பொருளை பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டிக் கடுங்குளிரில் இரண்டு வாரம் வைப்பதே நல்லது என்றார். எனக்கு முன்னால் இருந்த நீலங்களில் பாதிப்பேர் தூங்கினார்கள், மீதிப்பேர் தூங்குகிறவர்களைப் படம் எடுத்தார்கள். நான் முதல் பாதியைச் சேர்ந்தவன். அக்கா அரங்கத்தின் கதவோரம் நின்று, என் எழுதாத பேனாவை வாங்கி உதறி உதறி எழுத வைத்து, கையிலிருந்த பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, கூடம் திறப்பதற்கு முன்பே அக்கா என்னை இழுத்துக்கொண்டு போனார். முதலில் நாற்காலியின் தாளை உருவினார். சுத்தம். அடுத்தது சுத்தம். பதின்மூன்று தாள்களும் துடைத்துவைத்த மாதிரி இருந்தன. அக்காவின் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்தது என்று நான் சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார், ஆனால் தெரிந்தது. கடைசியாகச் சம்பிரதாயத்துக்கு எங்கள் பெட்டியைத் தூக்கினார்.

கறுப்புத்தாளில் ஒரு சிட்டிகைப் பொடி. மாவு மாதிரி, வெளுத்து, சின்னதாக ஒரு குவியல்.

அக்கா பெட்டியை மெதுவாகத் திருப்பினார். மூன்றாவது இழுப்பறை மூன்று வருடமாக இறுகிக் கிடந்தது. பலமாக இழுத்தால் உடைந்துவிடும் என்று அவர் அதைத் திறந்ததே இல்லை. அதற்கு நேர் கீழே குண்டூசித் தலை அளவு ஒரு துளை. புதுத் துளை.

"நானே கொண்டு வந்திருக்கேன், தம்பி" என்றார். "மத்தவங்க வீட்டுக்கு நானே கொண்டு வந்து விட்டிருக்கேன்."

சுற்றுமுற்றும் பார்த்தேன். ஈ காக்கை இல்லை. "அக்கா, ஊதிடுங்க."

"என்னது?"

"ஒரே ஊதுதான். தாளை மடிச்சு என் பையில போட்டுடுறேன். சாயங்காலம் பெட்டிய கட்டிக்கிட்டு ஊருக்குப் போறோம். அங்க போய் நீங்க என்ன வைத்தியம் வேணும்னாலும் பண்ணுங்க, யாரு கேக்கப் போறாங்க?"

அவர் மேடையின் விளிம்பில் உட்கார்ந்தார். நான் விடவில்லை. "குடியிருப்பு என்னாகும்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். அதான் ஒரு நிமிஷம் உக்காந்தேன்."

பிறகு எழுந்து நிலை அறிக்கையை எடுத்தார். 'மூன்றாவது இழுப்பறையில் உயிருள்ள துளைப்பூச்சி. இறுகிய இழுப்பறையை மூன்று ஆண்டுகளாகத் திறந்து பார்க்காதது என் தவறு. அருகிலுள்ள பொருட்களை ஒரு மாதம் கண்காணிக்கவும்.' முத்து முத்தான கையெழுத்து. மறைக்க நினைப்பவர்கள்கூட இவ்வளவு விளக்கமாகப் பொய் எழுத மாட்டார்கள். தாளை என்னிடம் நீட்டினார். நான் சாட்சி. என் பெயர் எனக்கே புரியாதபடி ஒரு கையெழுத்துப் போட்டேன். வீரம் என் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

தலைமை அம்மா வந்தார், படித்தார், முகம் பூவாக மலர்ந்தது. "அப்ப எங்க நாற்காலி சுத்தம்!" என்று நான்கு தடவை சொன்னார். அதற்குள் மாநாடே அங்கே திரண்டுவிட்டது. பூச்சி நிபுணர் குனிந்து பொடியைப் பார்த்து, "ஓ, இப்படித்தான் இருக்குமா?" என்றார். ஏட்டுச் சுரைக்காய்க்குக் கால் முளைத்து நடந்து வந்தது போலிருந்தது. எல்லாரும் தாளோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அக்கா மட்டும் ஒவ்வொருவராக விலக்கிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பொடி கலையுது."

"சார், நேத்து குளிர்ல வைக்கணும்னு சொன்னீங்களே, வச்சிடலாமா?" என்று நிபுணரைக் கேட்டார்.

"கொள்கை அளவுல வைக்கலாம்" என்றார் நிபுணர். "நடைமுறையில அதுக்கான வசதி எங்கயும் இல்லை."

"சமையல்கட்டுல ஒரு பெரிய ஃப்ரீசர் இருக்கே சார்."

இருந்தது. மஞ்சள் அட்டைக்காரர்கள் சமையல்கட்டோரம் காத்திருந்து சாப்பிட்டதால் அக்காவுக்கு அது தெரியும். உள்ளே நிறைவு விழாவுக்கான ஐஸ்கிரீம் அடுக்கியிருந்தது. பெட்டியை மூன்று சுற்று பிளாஸ்டிக்கில் கட்டி, அக்கா தன் கையாலேயே உள்ளே வைத்தார். ஐஸ்கிரீம் வெளியே வந்து உருகியது. அன்று மாலை கருத்துப் படிவத்தில் மாநாட்டின் குறைகள் என்ற இடத்தில் நாற்பத்தொரு பேர் 'ஐஸ்கிரீம் வழங்கப்படவில்லை' என்று எழுதினார்கள். பூச்சியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

திரும்பும்போது மடி காலியாக இருந்தது. அக்கா பாதி வழியில் அழுதார். குடியிருப்புக்காக அழுகிறார் என்று நினைத்து ஆறுதல் சொல்லப் போனேன். "மூணு வருஷமா உள்ள அரிச்சிருக்கு தம்பி. மாசாமாசம் மேல தொடச்சுக்கிட்டே இருந்திருக்கேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு மரப்பெட்டிக்காக ஒரு மனுஷி இப்படி அழுவதா என்று. இப்போது யோசித்தால், அந்தக் கோபம் அவர் மேல் வந்ததில்லை.

மூன்று வாரம் கழித்துக் கோப்பு முடிவானது. காப்பாட்சியர் எங்கள் இருவரையும் நிற்க வைத்து வாசித்தார். 'தம் பொறுப்பிலிருந்த பொருளில் பூச்சி இருந்ததை எழுத்துமூலம் தாமே ஒப்புக்கொண்டிருப்பதால் நிரந்தரப் பணிக்குப் பரிந்துரைக்க இயலவில்லை.' எழுதியவர் அவர்தான். யாரோ எழுதியதைப் படிப்பவர் போல வருத்தமாகப் படித்தார்.

"ஏம்மா, நீங்க எழுதலைன்னா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதே" என்றார்.

"ஆமா சார்" என்றார் அக்கா. "அதான் எழுதினேன்."

காப்பாட்சியர் கோப்பை மூடினார். அக்கா வைப்பறைக்குப் போய், மரச்சாமான்கள் அத்தனைக்கும் அடியில் கறுப்புத்தாள் விரிக்க ஆரம்பித்தார். அது அவருடைய இடைவெளி மாதம். பதிவேட்டில் அன்று அவர் பெயர் இல்லை.

அதே வாரம் எனக்கு ஒரு பெரிய உறை வந்தது. வட்டார மாநாட்டின் சான்றிதழ். 'அருங்காட்சியகப் பூச்சிகளைக் கண்டறிதலிலும் தடுத்தலிலும் பயிற்சி பெற்றவர்' என்று தங்க எழுத்தில் என் பெயர். அடுத்த பதவி உயர்வுக்கு அது உதவும் என்று காப்பாட்சியர் கையைக் குலுக்கினார்.

அதை அங்கேயே கிழித்துப் போட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். என் பணிப்பதிவேட்டில், நாலு மூலையிலும் பசை தடவி, சுருக்கம் விழாமல் ஒட்டிக்கொண்டேன்.