இருவர் கடித்த ரொட்டி

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும். நடந்தது எனக்கு. மணி, நிமிடம் வரை நினைவிருக்கிறது.

தஜிகிஸ்தானில் நாங்களே எங்களைச் சுட்டுக்கொண்டிருந்த காலம். தொண்ணூற்றாறாம் வருடம், ஜூன் மாதம். போருக்குக் கிளம்புகிறவன் ஒரு ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவான். மீதியை அம்மா சுவரில் மாட்டிவைப்பாள். அவன் திரும்பி வந்து தின்று முடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அன்று ஒரு ரொட்டிக்குத்தான் மாவு இருந்தது. ஒரு பக்கம் அண்ணன் நூரிதீன் கடித்தான். மறுபக்கம் நான் கடித்தேன். அப்படி யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

"ஒருத்தன் மட்டும் வந்து நிக்கக் கூடாது. உங்கண்ணன் முரடன். ஜோஹிர், நீதான் அவனைக் கூட்டிட்டு வரணும்" என்றாள் அம்மா.

"சரிம்மா" என்றேன்.

வெள்ளிக்கிழமை. நாங்கள் பிடிக்க வேண்டிய முகட்டின் மேல் எதிரிகள் கல்லடுக்கிய அரண், மூன்று மெஷின் கன். நாங்கள் வயிறாரச் சாப்பிட்டு மூன்று நாளாகியிருந்தது. விடியற்காலை 4.40க்கு, இடுப்பளவு தண்ணீரில் ஓடையைக் கடந்தோம்.

"பின்னாடியே வாடா. முந்தி ஓடி அம்மாகிட்ட நல்ல பேர் வாங்கப் பாக்காதே" என்றான் அண்ணன்.

4.52. மேலிருந்து சுட ஆரம்பித்தார்கள். குப்புற விழுந்தேன். தலையைத் தூக்கியபோது, பத்தடி முன்னால் அண்ணன் ஏறிக்கொண்டிருந்தான். எழுந்து பின்னால் போனேன். பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. அவன் பூட்ஸை மட்டும் பார்த்தபடி ஏறினேன்.

பூட்ஸ் காய்ந்திருந்தது.

சரளைக்கல் சரிவு. என் காலடியில் கற்கள் சரசரவென்று உருண்டன. அவன் காலடியில் ஒன்றுகூட அசையவில்லை.

பிறகு ஒரு சத்தம். குண்டுச் சத்தத்துக்கு நடுவே, நிதானமாக... மென்று தின்னும் சத்தம்.

"என்னண்ணே திங்கிற?"

"பசிக்குதுடா."

5.25. திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினான். தேநீரில் நனைத்த ரொட்டித் துண்டு. சூடாக இருந்தது.

"தின்னு. ஆறிடும்."

தின்றேன்.

6.10. முகடு எங்கள் கையில். அண்ணன் அங்கே இல்லை. பதுங்குகுழியில் இறைச்சி டப்பாக்கள் கிடந்தன. எல்லோரும் அள்ளித் தின்றார்கள். எனக்குப் பசிக்கவில்லை.

தளபதி ராஜப் கீழேயிருந்து ஏறி வந்தார்.

"உங்கண்ணன் ஓடைக்கரையில கிடக்கான்பா. முதல் சூட்டுலயே போயிட்டான். நீ அவனைத் தாண்டித்தானே ஏறின?"

அழுகை வரவில்லை.

பதினோரு நாள் கழித்து வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். உள்ளே நுழைந்ததும் சுவரைத்தான் பார்த்தேன்.

ஆணி மட்டும் இருந்தது.

"ரொட்டி எங்கேம்மா?"

"நல்லாக் கேட்டே போ. வெள்ளிக்கிழமை காலையில ரெண்டு பேரும் வந்து தின்னீங்களே. கடிகாரத்தைப் பாத்தேன், அஞ்சு இருபத்தஞ்சு. தேநீர் நான்தானே ஊத்தினேன்? ஒரு வார்த்தை பேசலை. அவன் நனைச்சு நனைச்சு உனக்குக் கொடுத்தான்."

தரையில் இரண்டு கிண்ணங்கள். கழுவாமல் வைத்திருந்தாள்.

அம்மா என் தோளைத் தாண்டி வாசலைப் பார்த்தாள்.

"அவன் பின்னாடி வரானா?"

அன்றிலிருந்து இன்றுவரை எனக்குப் பசித்ததே இல்லை.