குளியலறைக் கதவின் மேல் நின்ற கார்

எங்கள் வீட்டு ஜேக்கை யார் கேட்டாலும் கொடுப்பேன். ஆனால் தனியாகக் கொடுக்கமாட்டேன்.

சிலிபினில் நாங்கள் குடியிருந்த வீட்டு வரிசையில் அந்த மாதிரி ஜேக் எங்களிடம் மட்டும்தான் இருந்தது. நான்கு சின்ன இரும்புச் சக்கரங்களில் உருண்டு போகும். நீளக் கைப்பிடியை மேலும் கீழும் அழுத்தினால் கார் மெல்லத் தலை தூக்கும். லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், மூடிவிட்டுப் போன ஒரு பட்டறையிலிருந்து அதை வாங்கி வந்தார். கூடவே இரண்டு இரும்பு முக்காலிகளும் வந்தன. ஜேக்கால் தூக்கிய காரை அந்த முக்காலிகள் மேல் இறக்கி உட்கார வைக்க வேண்டும். தூக்குவது ஜேக்கின் வேலை, தாங்குவது முக்காலியின் வேலை. அவ்வளவுதான் விஷயம். ஆனாலும் எங்கள் வரிசையில் பாதிப் பேருக்கு முக்காலியைத் தூக்கிப் போகச் சோம்பல்.

"அக்கா, ஜேக் மட்டும் போதும் லா" என்பார்கள்.

"மாட்ட ஓட்டிட்டுப் போறவன் கயித்த விட்டுட்டுப் போவானா? எல்லாம் சேந்துதான் போகும்" என்பேன்.

முதுகுக்குப் பின்னால் எனக்கு 'ஜேக் மகாராணி' என்று பெயர் வைத்திருந்தார்கள். காதில் விழுந்தது. கோபம் வரவில்லை. மகாராணி என்றால் கசக்குமா?

இந்தப் பிடிவாதம் எனக்குச் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. ஒரு நாள் டிராக்டரை ஜேக்கில் ஏற்றி நிறுத்திவிட்டு டிரைவர் வெற்றிலை போடப் போயிருந்தார். யாரும் கிட்டே போகவில்லை, தொடவில்லை. மாடு படுப்பது போல அது தானாக மெதுவாகக் கீழே படுத்தது. அடியில் உருண்டு கிடந்த ஒரு பால் வாளி அப்பளமாகிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வாளி என்னுடையது.

நான் சொல்ல வந்தது என் கொழுந்தன் பெண் பார்க்கப் போன கதை. எண்பதுகளின் தொடக்கம். ஒரு கல்யாண வீட்டில் பாரிட் புந்தார் பெண் ஒருத்தியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வேறு எந்த இடம் சொன்னாலும் வேண்டாம் என்றான். பெண்ணின் அப்பா நாள் நேரம் பார்ப்பதில் கறார். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் பிறக்கும், அதற்கு முன்னால் வந்து தட்டை வைத்துவிடுங்கள், வேறு இடத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த ஞாயிறு மதியம் கொழுந்தன் தன் பழைய காரை முடுக்கினால், சாமி ஊர்வலத்து மேளம் போல் சத்தம். முன்பக்கம் சைலன்சர் குழாய் இணைப்பு விட்டுப்போய்த் தொங்கியது. பட்டறைகள் எல்லாம் அடைப்பு. புதுச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, கைலியைக் கட்டிக்கொண்டு, ஜேக்கை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். முக்காலிகளை எடுக்கவில்லை.

பலகாரத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்த நான் ஜேக் உருளும் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். எங்கள் வாசல் முழுக்க மணல். ஈயம் தோண்டிய காலத்து மணல் என்பார்கள். நான் வருவதற்குள் காரின் மூக்கு ஒரு சாண் எழும்பியிருந்தது. ஜேக்கின் சக்கரங்கள் மணலில் புதைந்திருந்தன. தூக்கும்போது ஜேக் கொஞ்சம் உருள வேண்டும். உருண்டால்தான் அதன் தலை வைத்த இடத்தில் நிற்கும். சக்கரம் சிக்கிக்கொண்டால் தலை வழுக்கிவிடும். அந்த நேரத்தில் அடியில் ஆள் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

"இறக்கு தம்பி" என்றேன்.

"அண்ணி, பத்து நிமிச வேலை. சூசா பண்ணித் தொல்லை குடுக்காதீங்க லா."

"இறக்குன்னு சொன்னேன்."

முணுமுணுத்துக்கொண்டே இறக்கினான். "வேணும்னா ரெண்டு செங்கல் அடுக்கிக்கிறேன்."

"செங்கல்லு உடையறதுக்கு முன்னாடி உங்கிட்ட சொல்லிட்டுத்தான் உடையுமா?"

ஜேக்கின் கைப்பிடியை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். அவன் முகம் அழுவது போல் ஆகிவிட்டது. "நேரம் போயிருச்சுன்னா அந்தப் பொண்ணு எனக்கு இல்ல அண்ணி" என்றான். எனக்கும் அது தெரியும். அவனைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கைப்பிடியைக் கொடுக்கவில்லை.

மணலுக்கு மேல் போட அகலமான கெட்டிப் பலகை ஒன்று வேண்டும். வீட்டைச் சுற்றி வந்தேன். கட்டில் பலகை மெல்லிசு. மேசைக்குக் கால் இருந்தது. பின்கட்டில் குளியலறைக் கதவைப் பார்த்தேன். நல்ல கனத்த மரம், ஆளுயரம். கொக்கியில் மாட்டியது, தூக்கினால் கழன்றுவிடும். உள்ளே என் மாமியார் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தே, தண்ணி ஊத்திக்கிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. ஏன்?"

"அப்படியே நில்லுங்க" என்று சொல்லிக் கதவைத் தூக்கிவிட்டேன்.

"அடியே! பட்டப்பகல்ல கதவ எங்கடி தூக்கிட்டுப் போற?"

"உங்க புள்ள உசுருக்குத்தான் அத்தே!"

"அப்போ என் மானத்துக்கு?"

"அதுக்கு ஒரு கைலி கட்டித் தாரேன்."

கட்டியும் கொடுத்தேன். அவர் உள்ளேயிருந்து திட்டிக்கொண்டே குளித்தார்.

கடைக்குப் போயிருந்த என் வீட்டுக்காரர் பூவும் பழமுமாகத் திரும்பி வந்து, காருக்கு அடியில் குளியலறைக் கதவு குறுக்கே கிடப்பதைப் பார்த்தார். என் கக்கத்தில் இருந்த கைப்பிடியையும் பார்த்தார். பூவையும் பழத்தையும் கீழே வைத்துவிட்டு, போய் முக்காலிகளை எடுத்து வந்தார். நல்ல மனுஷர்.

கியரைப் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து முட்டுக் கொடுத்தோம். அப்புறம்தான் கைப்பிடியை அவனிடம் கொடுத்தேன். இந்த முறை ஜேக் கதவின் மேல் அழகாக உருண்டு கொடுத்தது. கதவின் மேலேயே இரண்டு பக்கமும் முக்காலியை நிறுத்தி, காரை மெல்ல இறக்கி உட்கார வைத்தோம். அதற்கும் மேல், நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து காரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தோம். பின்கட்டிலிருந்து குரல் வந்தது: "இன்னும் நல்லா ஆட்டுங்க! என் கதவுக்கு ஏதாச்சும் ஆச்சு, ஒருத்தரையும் விடமாட்டேன்!"

கார் அசையவில்லை. அவன் அடியில் போனான். குழாயைப் பொருத்தி இறுக்கிவிட்டு, முகமெல்லாம் துருவோடு வெளியே வந்தான்.

"ஒண்ணுமே ஆவலயே அண்ணி. இதுக்கா இவ்ளோ நேரம்?"

"ஒண்ணும் ஆவாம இருக்கத்தான் இவ்ளோ நேரம். போய்க் குளி."

எல்லாரும் குளித்துக் கிளம்பி, இரண்டு மணி நேரம் ஓட்டி, பாரிட் புந்தார் போய்ச் சேர்ந்தபோது நாலரை தாண்டிவிட்டது. பெண்ணின் அப்பா கேட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ராகு காலம் பொறந்திருச்சு. ஆறு மணி வரைக்கும் எதுவும் பேசறதுக்கில்ல" என்று சொல்லி, வாசலில் மாமரத்தடியில் நாற்காலி போடச் சொன்னார். வேறு இடத்துக்காரர்கள் அடுத்த வாரம் வருகிறார்கள் என்பதையும் சொல்லிவைத்தார். கொழுந்தன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். என்னைப் பார்க்கவே இல்லை.

காரியம்தான் பேசக் கூடாது, வாய் சும்மா இருக்குமா? என் மாமியார் பெண்ணின் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஆரம்பித்துவிட்டார். "இவ என்ன செஞ்சா தெரியுமா? தலை நெறைய எண்ணெயோட நிக்கிறேன், கதவத் தூக்கிட்டா!" நான் கட்டிக்கொடுத்த கைலி காற்றில் பறந்ததையும், பக்கத்து வீட்டுச் சேவல் உள்ளே எட்டிப் பார்த்ததையும் நடித்தே காட்டினார். சேவல் வந்தது எனக்கே புதுச் செய்தி. பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஜன்னலுக்குப் பின்னாலும் ஒரு சிரிப்பு கேட்டது. கொழுந்தன் தலையை நிமிர்த்தினான்.

பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. என்னிடம் கேட்டார்: "அப்போ நேரமாகும்னு தெரிஞ்சேதான் தடுத்தீங்களா?"

"தெரிஞ்சேதாண்ணே. நேரம் போனா ஆறு மணிக்கு மேல நல்ல நேரம் வரும். ஆள் போயிட்டா, எந்தப் பஞ்சாங்கத்துல பாத்துக் கூட்டிட்டு வாரது?"

அவர் தன் நாற்காலியையும் மரத்தடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். ஜேக் எப்படி மணலில் வழுக்கும் என்று கேட்டார். அவருடைய வெற்றிலைப் பெட்டியை வைத்து உருட்டிக் காட்டினேன்.

ஆறு அடித்ததும் உள்ளே கூப்பிட்டார்கள். பெண் தட்டில் காப்பி கொண்டுவந்தாள். தலை குனிந்து, மெல்ல நடந்து வர வேண்டும் என்பது முறை. அவளோ என் மாமியார் முகத்தைப் பார்த்ததும் தோள் குலுங்கச் சிரித்து, காப்பியைத் தட்டெல்லாம் சிந்திவிட்டாள். "அடக்கமா நில்லும்மா" என்று அதட்ட வாயெடுத்த அப்பாவுக்கே சிரிப்பு முந்திக்கொண்டு வந்துவிட்டது. கொழுந்தன் பாதி காப்பி இருந்த அந்தக் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"அந்தப் பஞ்சாங்கத்த எடுத்துட்டு வா" என்றார் அப்பா. கல்யாணத்துக்கு நாள் பார்க்க.